மூன்று கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு: ராக் பாடகன் ஒருவனின் கணக்கு வழக்கு

பதிவு 1: உப்பளம் குரல் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையின்போது கிதார்கள் இரண்டையும் பேஸ் கிதாரையும் அரைக்கட்டை இறக்கிச் சுருதி கூட்டச் சொன்னேன். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. இருபத்திரண்டு ஆண்டுகளாக மூன்று கட்டையில் பாடி வந்த எங்கள் பாடல்கள் அனைத்தும் இனி இரண்டரைக் கட்டையில்தான் ஒலிக்கும். கிதார்த் தம்பிகள் மறுபேச்சில்லாமல் கீயைத் திருகினார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்குச் சுருதி மாற்றத்தால் ஒரு வேலையும் இல்லை. ஆகவே பேசுவதற்கு அவனுக்கு நேரம் இருந்தது. "என்னண்ணா, வயசாயிடுச்சா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வண்டியில் வீடு திரும்பும்போதுதான் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன். பகலில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன், மாலையில் பாடுகிறேன். அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டியவர். எங்கள் வீட்டில் இசை என்றால் அம்மா காலையில் போடும் வானொலி மட்டுமே. பதினைந்து வயதில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பத்து ரூபாய்க்கு ஒரு கேசட் வாங்கினேன். உறையில் முருகன் படம் இருந்தது. உள்ளே மின்கிதார் உறுமியது. எந்தக் கடைக்காரர் எந்தக் கேசட்டை எந்த உறைக்குள் போட்டாரோ தெரியாது, அந்தத் தவறுதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

ராக் பாடத் தொடங்கியது 2003இல். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தேன். ஆடி மாதம் பிறந்துவிட்டால் இன்றைக்கு முத்தியால்பேட்டை, நாளைக்கு பாகூர் என்று ஏதாவதொரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் விழாவுக்குப் பாடப் போய்விடுவோம். அங்கே யாரும் என்னை ராக் பாடகன் என்று நினைக்கவில்லை. உச்சத்தில் பாட வேண்டிய பாட்டு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். உச்சத்தில் பாடுகிறவன் என்று கிடைத்த அந்தப் பெயரே பின்னாளில் என் தொண்டைக்கு வினையாயிற்று.

பிரான்சில் 1982இல் தொடங்கப்பட்ட இசைத் திருநாளை ஜூன் 21ஐ ஒட்டிப் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரனுக்குக் கிடைத்த வசதிகளுள் இதுவும் ஒன்று என்பேன். அப்படியொரு மாலையில் கடற்கரைச் சாலையில்தான் சொந்தத் தமிழ்ப் பாட்டை முதன்முதலாகப் பாடினோம். எழுபது பேர் கேட்டிருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் சுண்டல் வாங்குவதற்காக நின்றவர்கள். ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை.

உச்ச சுரத்தை எட்டிப் பிடிப்பதே ராக் என்று இருபது வயதில் நம்பினேன். பாட்டின் சீற்றம் சொல்லிலும் தாளத்திலும் இருந்துவிட்டால் சுருதியை அரைக்கட்டை இறக்கினாலும் அது குறையாது என்றும், சொல்லில் இல்லாத சீற்றம் ஆறு கட்டைக்கு ஏற்றினாலும் வராது என்றும் இப்போது நம்புகிறேன். இதை மறுப்பவர்கள் மறுக்கலாம். அதற்காகவே இழையைத் திறந்து வைக்கிறேன்.

பதிவு 2: கெடிலக்கரை

மறுப்பதற்கு நான் இருக்கிறேன், அண்ணா. கடலூரில் உங்கள் குழுவை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். பல்லவியின் உச்சத்தில் உங்கள் குரல் உடையப்போகிறதோ என்று கேட்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான் அல்லவா, அந்தப் பதற்றம்தான் அந்தப் பாட்டு. வசதியான சுருதியில் உட்கார்ந்து பாடினால் அந்தப் பதற்றம் எங்கிருந்து வரும்? நானும் கிதார் வாசிப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கம்பியைத் தளர்த்தினால் ஒலியின் கூர்மையும் போய்விடும்.

பதிவு 3: உப்பளம் குரல்

தம்பி, கம்பிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அரைக்கட்டை இறக்கும்போது கம்பியின் இழுவிசை சுமார் 11 விழுக்காடு குறையும். அந்தத் தளர்ச்சி கையில் தெரியாமலிருக்க ஒரு படி தடித்த கம்பியைப் போட்டுவிட்டோம். அமெரிக்க ராக் கிதார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தம் பதிவுகளில் பலவற்றை அரைக்கட்டை இறக்கித்தான் வாசித்தார். அவற்றில் கூர்மை குறைந்துபோயிற்று என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடற்காற்றில் கம்பி துருப்பிடிப்பதால் நம் ஊரில் போகும் கூர்மை இதைவிட அதிகம்.

தொண்டைக் கணக்கு வேறு. எங்கள் பல்லவியின் உச்ச சுரம் 440 ஹெர்ட்ஸ். அதாவது அந்தச் சுரத்தைப் பிடித்து நிற்கும் ஒவ்வொரு நொடியிலும் குரல்நாண்கள் இரண்டும் 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. எட்டு நொடி இழுத்தால் 3,520 முறை. அரைக்கட்டை இறக்கினால் அது நொடிக்கு 415 ஆகிறது. எட்டு நொடிக்கு இருநூறு மோதல் மிச்சம். இருநூறு என்ன பெரிய மிச்சம் என்று நீங்கள் கேட்கலாம். உண்மையான மிச்சம் எண்ணிக்கையில் இல்லை. 440இல் நான் முக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, நாண்களை இறுக்கி மோதவிட்டேன். 415இல் அப்படி முக்க வேண்டியிருப்பதில்லை.

முக்கிப் பாடியதன் விலையை 2017இல் கொடுத்தேன். ஒரு மாதமாகக் குரல் காலையில் எழவே மறுத்தது. மதியத்துக்கு மேல்தான் பேச்சு வந்தது. மருத்துவர் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். நாண்களின் ஓரத்தில், எதிரெதிரே, அரிசி நொய் அளவுக்கு இரண்டு வெள்ளைப் புடைப்புகள். "உங்கள் உள்ளங்கையில் என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்டார். கட்டிங் பிளேயர் பிடித்துப் பிடித்து விழுந்த காய்ப்பு இருந்தது. "அதே காய்ப்புதான் இங்கேயும்" என்றார். பதினெட்டு நாள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, அதன் பிறகு மூன்று மாதம் குரல் பயிற்சி என்று தீர்ப்பாயிற்று. அறுவை இல்லாமலே அது கரைந்தது என் அதிர்ஷ்டம்.

பதற்றம் என்று சொன்னீர்களே, அது உண்மை. ஆனால் அந்தப் பதற்றத்தில் நான் நடிக்கவில்லை, தம்பி. குரல் உடையப்போகிறதோ என்று உங்களுக்குத் தோன்றியபோது அது உடைந்துகொண்டிருந்தது.

பதிவு 4: செவிப்பறை

நான் கேட்பியல் படித்தவள். மேலே சொல்லப்பட்ட காய்ப்பு பாடகர்களிடமும் ஆசிரியர்களிடமும் சந்தை வியாபாரிகளிடமும் சாதாரணமாகக் காணப்படுவது. பாடகர்கள் முக்குவதற்கு உச்ச சுரம் மட்டும் காரணமல்ல என்பதால் இதை எழுதுகிறேன். சுற்றியுள்ள இரைச்சல் கூடக்கூட மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகிறான். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக்காட்டிய இந்த இயல்பு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. டிரம்ஸுக்கு முன்னால் நிற்கும் பாடகருக்குத் தன் குரல் காதில் விழாவிட்டால், எவ்வளவு பயிற்சி இருந்தாலும் அவர் கத்தத்தான் செய்வார். சுருதியை இறக்குவதற்கு முன், பாடகர் தன் குரலைத் தானே கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஒலிபெருக்கியான மானிட்டரைச் சரிசெய்தீர்களா என்று கேட்க விரும்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம் எல்லாம் தொண்டைக்கு இதமானவைதான். ஆனால் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் நொடியில் அந்த வழி மூடிக்கொள்ளும், எல்லாம் உணவுக்குழாய்க்குப் போய்விடும். நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதும் ஆவி பிடிப்பதும் அதைவிட உதவும்.

பதிவு 5: உப்பளம் குரல்

அம்மா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பதினைந்து ஆண்டுகள் நாங்கள் மானிட்டர் என்ற பெயரில் பழைய பெட்டி ஒன்றை முன்னால் கவிழ்த்து வைத்திருந்தோம். அதன் ஒலியைக் கூட்டினால் ஊளையிடும், குறைத்தால் எனக்குக் கேட்காது. ஊளைக்கு நானே காரணம் என்பது நெடுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் வைத்திருந்தது ஷூர் எஸ்எம்58. 1966 முதல் விற்பனையில் உள்ள, உலகத்து மேடைகளெல்லாம் அறிந்த மைக். முன்புறம் வரும் ஒலியை வாங்கிப் பின்புறம் வருவதைத் தள்ளும்படி அமைக்கப்பட்டது. நானோ படங்களில் பார்த்த பாடகர்களைப்போல வலைமூடியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பாடினேன். பொத்தினால் பின்புறத்துத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும்; மானிட்டரின் ஒலியும் உள்ளே போகும்; ஊளை வரும்; ஒலிப்பதிவுத் தம்பி மானிட்டரைக் குறைப்பார்; எனக்குக் கேட்காது; நான் கத்துவேன். மிடுக்காகத் தெரிய வேண்டும் என்று பிடித்த பிடி ஒன்று தொண்டைவரை வந்து நின்ற கதை இது. இப்போது மைக்கின் உடலைத்தான் பிடிக்கிறேன்.

பதிவு 6: பின்பாட்டு

எங்கள் தாத்தா பண்ருட்டிப் பக்கத்தில் தெருக்கூத்து ஆடியவர். இரவு பத்து மணிக்குத் திரை பிடித்தால் விடியும்வரை கூத்து நடக்கும். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த கூத்துகள் சிலவற்றில் மைக்கே இல்லை. ஹார்மோனியத்துக்கும் மத்தளத்துக்கும் முகவீணைக்கும் மேலே எழும்பக்கூடிய குரலில், தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் ஏற்றிக்கொண்டு, சுழன்று ஆடியபடி பாடுவார்கள். தாத்தாவுக்கு எழுபது வயதிலும் குரல் இருந்தது. எப்படி முடிந்தது என்று இப்போது யோசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் ஆடுவார், மூச்சு வாங்குவார், அடுத்த அடியை யோசிப்பார். உச்சத்தில் நீண்டு நிற்க வேண்டிய இடமெல்லாம் பெரும்பாலும் பின்பாட்டுக்காரர் தலையில்தான் விழும். இரண்டு மணி நேரமும் ஒரே ஆள் தொண்டை கிழியப் பாட வேண்டும் என்று உங்கள் ராக் குழுவில் யார் சட்டம் போட்டது, அண்ணா?

பதிவு 7: உப்பளம் குரல்

சட்டத்தை நானேதான் போட்டுக்கொண்டேன். பேஸ் வாசிப்பவனுக்கு என்னைவிட நல்ல மேல்ஸ்தாயிக் குரல் உண்டு. பதினோரு ஆண்டுகளாக அவனுக்கு ஒரு மைக்கூட நான் வைத்துக் கொடுத்ததில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமலிருந்துவிட்டு, "இப்பதான் கேக்கிறியா?" என்றான்.

பதிவு 8: யாப்பிலக்கணன்

இழை முழுவதும் தொண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். சொல்லில் சீற்றம் என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அதற்கு வருவோம். தமிழ் ராக் என்று இணையத்தில் கேட்பவற்றில் பாதி, ஆங்கில மெட்டுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியதுபோல் இருக்கிறது. சொற்கள் தவறான இடத்தில் உடைகின்றன, நீளக் கூடாத எழுத்து நீள்கிறது. இதை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதிவு 9: உப்பளம் குரல்

ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் எனக்குப் பெருமை தருவது இது ஒன்றுதான் என்பதால், கொஞ்சம் நீட்டி எழுத அனுமதியுங்கள்.

ஆங்கிலச் சொல்லில் ஏதாவதொரு அசை அழுத்தமாக ஒலிக்கும். ராக் மெட்டு அந்த அழுத்தத்தைத் தாளத்தின் அடியில் கொண்டுபோய் உட்காரவைக்கும். தமிழ்ச் சொல்லுக்கு அப்படிப்பட்ட அழுத்தம் கிடையாது. நம்முடையது மாத்திரைக் கணக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அந்த அளவை மாற்றினால் சொல்லே மாறிவிடும். கல்லை நீட்டினால் கால், பல்லை நீட்டினால் பால், விடு என்பதை நீட்டினால் வீடு. முதல் இரண்டு ஆண்டுகள் நான் எழுதிய பாடல்களில் "விடு, விடு" என்று ஆவேசமாகக் கத்தியதெல்லாம் கேட்பவர் காதில் "வீடு, வீடு" என்று விழுந்திருக்கிறது. வாடகைக்கு வீடு தேடும் பாட்டா என்று என் மாமா உண்மையாகவே கேட்டார்.

அடுத்த சிக்கல் குற்றியலுகரம். எங்கள் முதல் பாட்டின் பல்லவி "காற்று" என்ற சொல்லில் முடிந்தது. மெட்டு அந்த இடத்தில் எட்டு நொடி நீள்கிறது. காற்று என்பதன் ஈற்று உகரத்துக்கு இலக்கணம் கொடுத்திருப்பது அரை மாத்திரை. நான் அதை எட்டு நொடிக்கு இழுத்தேன். "காற்றூஊஊ" என்று அது நரி ஊளையிடுவதுபோல் இருந்தது. தமிழ்ப் பெயர்ச்சொற்களில் எத்தனையோ இப்படி உகரத்தில் முடிகின்றன: பாட்டு, நெருப்பு, கூட்டு, வழக்கு. உச்சத்தில் நிறுத்தவே முடியாத சொற்கள்.

வழி எங்கே கிடைத்தது தெரியுமா? எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன விளி வேற்றுமையில். காற்று என்று சொன்னால் நீளாது. காற்றே என்று கூப்பிட்டால் ஏகாரம் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். நிலவே, கடலே, தோழா, வா, போ, வருவாயா என்று கூப்பிடும் சொல்லும் கேட்கும் சொல்லும் ஏவும் சொல்லுமே நம் மொழியில் பெரும்பாலும் நெடிலில் முடிகின்றன. தமிழ்ப் பாட்டு ஏன் காலங்காலமாக யாரையாவது விளித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்குப் பக்தி ஒரு காரணம், காதல் ஒரு காரணம் என்பார்கள்; பாடுபவனின் தொண்டையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இலக்கணக்காரர்கள் இசை குறையும் இடத்தை நிறைக்க அளபெடை என்று ஒரு கதவையே திறந்து வைத்திருக்கிறார்களே! "வீசட்டும் காற்று" என்பதைக் "காற்றே வா" என்று மாற்றினேன். வா என்ற ஆகாரம் வாயைத் திறந்துவிடும். உச்சத்தில் தாடை இறுகாது. அந்தப் பாட்டை இன்றும் பாடுகிறோம்.

தாளத்துக்கு வருவோம். இரட்டித்து வரும் வல்லினம் நமக்குக் கிடைத்த சொத்து. தட்டு, வெட்டு, முட்டு, பற்று: ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு நொடிப்பொழுது அடைப்பு உண்டு, பிறகு வெடிப்பு. அந்த வெடிப்பை டிரம்ஸில் சுளீரென்று ஒலிக்கும் ஸ்நேர் மேளத்தின் அடியில் வைத்துவிட்டால் டிரம்ஸும் சொல்லும் ஒன்றாக அடிக்கும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் சொல் முதலில் வரும் பகரம் காற்றை ஊதித் தள்ளாமல் பிறக்கிறது. ஆங்கிலத்தில் அதே எழுத்து காற்றோடு வெடித்து மைக்கில் "புஸ்" என்று அடிக்கும். ஆங்கிலப் பாடல்களைப் பாடிய நாள்களில் மைக்கை விலக்கி விலக்கிப் பாடிய எனக்குத் தமிழில் அந்தத் தொல்லை இல்லை. மாறாக, ழகரம் மட்டும் கிதார் இரைச்சலில் கரைந்துவிடுகிறது. "மழை" என்று எப்படிப் பாடினாலும் பின்வரிசைக்காரர் "மலை" என்றே கேட்கிறார். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. மழை வரும் வரியில் கிதார்களை நிறுத்திவிடுகிறோம்.

பதிவு 10: யாப்பிலக்கணன்

விளியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மகரத்தை விட்டுவிட்டீர்கள். "வேண்டும்", "காலம்", "நேரம்" போன்றவற்றை உதடு மூடி முரலலாமே; அதுவும் நீளும்.

பதிவு 11: உப்பளம் குரல்

நீளும், ஐயா. ஆனால் வாய் மூடியபின் டிரம்ஸைத் தாண்டி அது கேட்காது. மெதுவான பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பதிவு 12: பழைய ரசிகன்

எல்லாம் சரி, ராக் நம் இசையா என்ற அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே.

பதிவு 13: கெடிலக்கரை

ஐயா, ஃபிரெடி மெர்க்குரி என்று உலகம் கொண்டாடும் ராக் பாடகர் ஃபரோக் புல்சாரா என்ற பெயரில் சான்சிபாரில் பிறந்து, மராட்டியத்தின் பஞ்சகனி விடுதிப் பள்ளியில் படித்தவர். முதல் குழுவை அங்கேதான் தொடங்கினார். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் பறையையும் மின்கிதாரையும் ஒரே மேடையில் வைத்தது. வயலின் நம்முடையது, ஹார்மோனியம் நம்முடையது, கிதார் மட்டும் அந்நியம் என்றால் எப்படி?

பதிவு 14: அலைவாய்

நான் தேவனாம்பட்டினத்துப் பெண். கல்லூரிக் காலத்தில் ஒரு குழுவில் நான்கு ஆண்டுகள் பாடினேன், 2014இல் நிறுத்தினேன். இந்த இழையில் தொண்டை, மைக், இலக்கணம் எல்லாம் பேசியாயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவர் ஞாயிறுதோறும் ஒத்திகைக்கும், மாதத்தில் இரண்டு மூன்று இரவு வெளியூருக்கும் போய்வர முடிந்தது எப்படி என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், அண்ணா? குரல் கெட்டதால் நான் நிறுத்தவில்லை. என் குரலுக்கு இன்றும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தை பிறந்தபின் ஒத்திகை நேரம் மாலை ஆறு மணியிலிருந்து மாறவே மாறாது என்று குழுவினர் சொன்னார்கள், அவ்வளவுதான். சுருதியை ஒருவருக்காக அரைக்கட்டை இறக்கலாம் என்றால் நேரத்தையும் இரண்டு மணி இறக்கியிருக்கலாம்.

பதிவு 15: உப்பளம் குரல்

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. என் மனைவியிடம் காட்டினேன். "கேட்டாளே ஒருத்தி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2011 டிசம்பர் 29ஆம் தேதி மாலை, புயல் வருகிறது என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, புத்தாண்டு நிகழ்ச்சிக்காகப் பெங்களூருக்குப் பேருந்து ஏறினேன். முன்பணம் வாங்கியாயிற்று, போகாவிட்டால் பெயர் கெடும் என்பது என் வாதம். மறுநாள் விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மூன்று தகடுகள் பறந்தன. ஐந்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் ஆறு மணி நேரம் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் 31ஆம் தேதி இரவு பாடினேன். தொலைபேசி எடுக்கவில்லை, கோபுரம் விழுந்திருக்கும் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். அன்று நன்றாகவே பாடினேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

ஜனவரி 2ஆம் தேதி வந்து பார்த்தபோது தெருவெல்லாம் மரமும் மின்கம்பமும் விழுந்து கிடந்தன. அதன்பின் மூன்று வாரம் வீடு வீடாக அறுந்த வயரைப் பார்ப்பதே வேலையாயிற்று. அந்த மூன்று வாரத்தில் என் தெருக்காரர்கள் எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொன்னார்கள். என் வீட்டுக் கூரையைக் கடைசியாகத்தான் மாற்றினேன்.

2017இல் பதினெட்டு நாள் பேசாமலிருந்ததைச் சொன்னேன் அல்லவா? மகளுக்கு அப்போது ஆறு வயது. பேச வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். நானும் சிறுசிறு சொற்களாகத்தான் எழுத வேண்டும். அவள் என்ன சொல்கிறாள் என்பதை அதற்கு முன் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் கேட்டதில்லை. அந்தப் பதினெட்டு நாளும் வீட்டில் ஒரு சண்டைகூட இல்லை என்பதை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஒத்திகை நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. எங்கள் குழுவிலும் 2009இல் கீபோர்டு வாசித்த ஒரு பெண் இருந்தார். அவர் ஏன் வராமல் போனார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

பதிவு 16: முதலாண்டு மாணவன்

ஐயா, நான் புதிதாகப் பாடத் தொடங்கியிருக்கிறேன். மேடையில் நீங்கள் பயந்த தருணம் ஏதாவது உண்டா?

பதிவு 17: உப்பளம் குரல்

உண்டு, தம்பி. ஒரு கோயில் விழாவில் ஜெனரேட்டருக்கு எர்த் போடாமலே மின்சாரம் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு கையில் கிதார்க் கம்பியைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்தேன். உதட்டில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. இரண்டடி பின்னால் விழுந்தேன். கூட்டம் அதை ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். அந்தக் கோயில் விழாவுக்குப் பிறகு சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் நான் மேடையேறுவதில்லை. நீயும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்.

பதிவு 18: செவிப்பறை

காதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் மறுபடியும் வருகிறேன். 85 டெசிபெல் இரைச்சலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் பதினைந்து நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸுடன் ஒத்திகை பார்ப்பவர்கள் அந்த எல்லையை முதல் மூன்று பாட்டிலேயே தாண்டிவிடுவார்கள். ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், முழுச் செவிடாகும் ஆபத்து இருப்பதாக மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016இல் பாதிச் சுற்றுப்பயணத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உங்களுக்குக் காதில் இரைச்சல் உண்டா, அண்ணா?

பதிவு 19: உப்பளம் குரல்

உண்டு. இடது காதில், டிரம்ஸின் சிம்பல் இருக்கும் பக்கம், இரவில் விளக்கை அணைத்தபின் மெல்லிய சீழ்க்கை கேட்கும். ஐந்தாறு ஆண்டுகளாக இருக்கிறது.

என் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் தறிக்கூடத்தில் நின்றவர். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் உதட்டசைவுதான் மொழி. ஓய்வு பெற்றபோது அவருக்குப் பாதிக்குமேல் காது போயிருந்தது. நாங்கள் கடற்கரைச் சாலையில் பாடிய ஒரு மாலை, அம்மா கட்டாயப்படுத்தி அவரை அழைத்து வந்தாள். பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். அவர் போய் நின்றார். நின்று, உள்ளங்கையை அந்தப் பெட்டியின் மரத்தில் வைத்துக்கொண்டார். நாலு பாட்டும் முடியும்வரை கையை எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "மூணாவது நல்லா இருந்துது, எங்க ஷெட்டு மாதிரி ஓடுச்சு" என்றார். மூன்றாவது பாட்டில்தான் டிரம்ஸ் ஒரே கதியில் நிற்காமல் ஓடும்.

அவருக்கு ஆலையில் காதடைப்பான் கொடுத்தவர் யாரும் இல்லை. எனக்கு மருந்துக்கடையிலேயே கிடைத்தும் நான் போடவில்லை. போட்டால் பாட்டு கேட்காது என்று சாக்குச் சொன்னேன்.

பதிவு 20: ரெண்டு குச்சி

அண்ணா, நான்தான், டிரம்ஸ். இந்த இழையைப் பேஸ் அண்ணன் அனுப்பினார். அன்றைக்குச் சும்மா கிண்டலுக்குக் கேட்டேன். நீங்கள் இருபது பதிவு ஓட்டுவீர்கள் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். காதடைப்பான் எனக்கும் வேண்டும். எது வாங்குவது? அப்புறம், இந்த ஞாயிறும் ஆறு மணிதானா?

பதிவு 21: உப்பளம் குரல்

நுரையில் செய்த மலிவானதை வாங்காதே, சிம்பல் ஒலியை மொத்தமாக மழுக்கிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த சிலிகான் வகை இருக்கிறது. எனக்கும் உனக்குமாக இரண்டு ஜோடி சொல்லிவிட்டேன், பணத்தைப் பிறகு கொடு. இந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இல்லை, காலை பத்து மணிக்கு. மகளும் வருகிறாள், சிம்பலை அவள் பக்கம் திருப்பாமல் வை. பேஸ் அண்ணனுக்கு ஒரு மைக் ஸ்டாண்டு வேண்டும். உன் வீட்டு மாடியில் துருப்பிடித்துக் கிடக்கிறதே, அதைத் துடைத்து எடுத்து வா.